விஸ்புலி மாளிகையின் கம்பிகள்

சுவரைக் கொத்தினால் முதலில் வருவது சுண்ணாம்பு.
பிறகு நாணல். பிறகு குதிரைமயிர் கலந்த களிமண்.
அப்புறம்தான் கம்பி.

ரீகாவிலிருந்து இரண்டரை மணி நேரம். ஏரி உறைந்து கிடந்தது.
புதிய பிரதமர் வசந்தத்தில் விருந்தாளிகளோடு வருகிறாராம்.
அதற்குள் பழைய கம்பி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று
பாதுகாப்புத் துறையின் கடிதம், மூன்று முத்திரையோடு.
நானும் ரைவிஸும் ஓர் ஏணியும்
ஒரு குடுவைத் தேநீரும்.

கூடத்துப் பித்தளைப் பலகை
இந்த வீட்டின் வரலாற்றை ஒன்பது வரியில் முடித்துவிடுகிறது:
கட்டியவர், கையகப்படுத்திய ஆண்டு,
ஓய்வெடுத்த தலைவர்கள், கையெழுத்தான ஓர் ஒப்பந்தம்.
பலகையை மாட்டிய ஆணி
உள்ளே ஒரு கம்பியைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது.
அது பத்தாவது வரி.

முதல் கம்பி செம்பு. அழைப்புமணிக்கானது.
பிரபு ஃபொன் ஹெல்ம்ரிங் படுத்தபடியே இழுப்பார்,
கீழே சமையலறையில் ஏழாம் மணி ஆடும்.
ஆடி ஆடிச் சுவர் அங்கே பிறையாய்த் தேய்ந்திருக்கிறது.
மற்ற ஆறு மணிகளுக்குப் பின்னால் பூச்சு அப்படியே.
அவருக்குத் தூக்கம் வராது என்பதை
அந்த வீட்டில் சமையற்காரிக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, துணி சுற்றிய தொலைபேசிக் கம்பி.
நாடு புதிதாய்ப் பிறந்து, நிலங்கள் பங்காகி,
பிரபு கப்பலேறிப் போனபின்
மாளிகை அரசின் கோடைவீடான காலம்.
ஒரு பிரதமரின் மெத்தைச் சூடு ஆறுமுன்
அடுத்தவர் பெட்டியோடு வந்திறங்கினார்.
விஸ்புலி 2 என்பது தொலைபேசி எண்.
1 தபால் நிலையத்துக்கு.
ஒரு ஜூன் மாத விடிகாலையில் இதை வெட்டியிருக்கிறார்கள்.
பிய்த்த அடையாளமில்லை. கூரான வெட்டுக்குறடு, நேர்க்கோடு.
தெரிந்தவன் கை.
எங்கள் தொழில்காரன்.

மூன்றாவது, மயிரிழை.
சாப்பாட்டறை விளக்குக் கிண்ணத்திலிருந்து,
நூலகத்துக் கணப்பிலிருந்து, கட்டில் தலைமாட்டிலிருந்து,
போகட்டும், கழிப்பறையிலிருந்தும்கூட
ஏறி ஏறி மச்சுக்குப் போகிறது.
கட்சிச் செயலாளர் காட்டுப்பன்றி சுட வந்த ஆண்டுகள் அவை.
அவர் விருந்தாளிகளை ஒட்டுக்கேட்டார்.
அவரை வேறு யாரோ.
மச்சில் ஒரு மேசை. ஒரு நாற்காலி.
நாற்காலியில் கையால் பின்னிய கம்பளித் திண்டு,
உட்கார்ந்த பள்ளம் இன்னும் உப்பவில்லை.

இழுப்பறை இறுகியிருந்தது. ரைவிஸ் உளியால் நெம்பினான்.
பள்ளிக்கூட நோட்டு ஒன்று. அட்டையில் வெல்டா.
நவம்பர், 1974.

22.10 இருமல்.
22.40 இருமல். தண்ணீர் ஊற்றும் ஒலி.
23.15 நாயோடு பேசுகிறார். முக்கியமில்லை.
01.30 தனியாக முணுமுணுக்கிறார். தடைசெய்த பாட்டு, மூன்றாம் அடி வரை.

கடைசி வரியை அடித்துவிட்டு
மேலே வேறு அழுத்தத்தில், பொறுமையான எழுத்தில்,
01.30 ஒலி இல்லை.

மங்கிய பென்சிலை
வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் படித்தோம்.
அவரைக் காப்பாற்றினாளா, தன்னையா,
அந்தப் பாட்டையா?
ரைவிஸ் தேநீரை ஊற்றினான், குடிக்கவில்லை.

பிறகு எங்கள் வேலை. புதிய கண்ணாடி இழைகள்,
அறைக்கு நான்கு, வரைபடத்தில் உள்ளபடி.
ஓர் இழை மட்டும் வரைபடத்தில் இல்லாத பெட்டிக்குப் போகிறது.
எங்கே என்று கேட்டேன்.
இங்கே கையெழுத்து என்று விரலை வைத்தார் அதிகாரி.

அறிக்கையில் எழுதினேன்:
அகற்றிய பழைய கம்பி நாற்பத்தொரு கிலோ.
வேறெதுவும் கிடைக்கவில்லை.

நோட்டு என் பையில், குடுவைக்கு அடியில்.
வண்டி ஏரிக்கரையைத் தாண்டும்வரை
நாங்கள் வாய் திறக்கவில்லை.
பனி விரிசல் விட்டுக்கொண்டிருந்தது, கண்ணுக்கெட்டியவரை சுவரே இல்லை.
அப்போதும்
மெதுவாகத்தான் பேசினோம்.